ஈரல் ரிப்போர்ட்டில் எண் கூடியிருந்தால்: வாத மருந்து எடுக்கும் மலையக வீடுகளுக்கு

அம்மாவின் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்ற எழுத்துகளுக்கு எதிரே 112 என்று அடித்திருந்தது. யாரோ அதைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார்கள். ஹட்டனிலிருந்து வீடு வரும்வரை அம்மா பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும் வராததுமாகக் குளிசை உறைகள் அத்தனையையும் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு முடிந்து அலுமாரிக்கு மேலே வைத்தார். "கைவலிக்குக் குடிச்சு ஈரலக் கெடுத்துக்கிட்டேனே புள்ள" என்றார். நானும் சும்மா இருந்துவிட்டேன். எனக்கும் பயம்.

மூன்றாவது வாரம் ரொட்டிக்கு மா பிசைய அம்மாவால் முடியவில்லை. விரல்கள் வீங்கி, மடக்கினால் விரியாமல், விரித்தால் மடங்காமல் நின்றன. எழும்பினால் தலை சுற்றியது. தூக்கிவைத்த பையில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டிராய்டுக் குளிசையும் இருந்தது என்பதும், அதைத் திடீரென நிறுத்தவே கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியாது. அந்த மூன்று வாரம் அம்மா பட்ட பாடு வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. ஆறு வருடமாக அம்மாவின் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போகும் மகள். முடக்குவாதத்துக்கு மருந்து தொடங்கியிருப்பவர்களும், அவர்களைக் கூட்டிப்போகும் பிள்ளைகளும் முதல் தடவை ஈரல் ரிப்போர்ட்டில் எண் கூடி வந்தால் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அன்றைக்கே செய்ய வேண்டியது

முதலில் ஆளைப் பாருங்கள், பேப்பரைப் பிறகு பார்க்கலாம். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருக்கிறதா? வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நிற்கவைத்துப் பாருங்கள். லயத்துக் காம்பராவின் மஞ்சள் பல்பின் கீழே தெரியாது. சிறுநீர் சாயத் தண்ணி நிறத்தில் போகிறதா? மலம் வெளுத்திருக்கிறதா? ஓயாத வாந்தி, உடம்பெல்லாம் அரிப்பு, வயிற்றின் வலதுபக்க மேல்புறம் வலி, ஆள் தடுமாறிப் பேசுவது, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், காய்ச்சலோடு வாய் முழுக்கப் புண், புதிதாக வந்த வரட்டு இருமலோடு மூச்சு வாங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். முடக்குவாதத்துக்குக் கிழமைக்கு ஒருதடவை எடுக்கும் மெதோட்ரெக்சேட் குளிசையை அத்தோடு நிறுத்தி, கிட்டத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும், பெரிய ரோட்டிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இருக்கும் தோட்டங்களில் வாகனம் மாறிப் போய்விடும்.

இது எதுவும் இல்லை, ஆள் நன்றாக நடமாடுகிறார், பேப்பரில் மட்டும்தான் எண் கூடியிருக்கிறது என்றால் உங்களுக்குச் சில நாள் அவகாசம் இருக்கிறது. பெரும்பாலானவர்களின் நிலைமை இதுதான். அந்த அவகாசத்தில் எல்லாக் குளிசையையும் நிறுத்தாதீர்கள். ஒன்றும் நடக்காதது போல அப்படியே விழுங்கிக்கொண்டும் இருக்காதீர்கள். அடுத்த கிளினிக் இரண்டு மாதம் கழித்து என்று கொப்பியில் எழுதியிருந்தாலும், அதுவரை காத்திராமல், அந்தக் கிளினிக் அடுத்து நடக்கும் நாளிலேயே ரிப்போர்ட்டோடு போய் நேர்ஸ் மிஸ்ஸிடம் காட்டுங்கள். கொப்பியில் நம்பர் இருந்தால் அதற்கு முன் கோல் எடுத்துக் கேளுங்கள். தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்கள் கிட்டத்து ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். மெதோட்ரெக்சேட் எடுக்கிறோம் என்பதை வாய் திறந்ததும் சொல்லிவிடுங்கள்.

மெதோட்ரெக்சேட் குடிக்கும் நாள் வந்துவிட்டது, டொக்டரை இன்னும் பார்க்க முடியவில்லை, எண்ணோ இரண்டு மூன்று மடங்கு என்றால் என்ன செய்வது? அந்த ஒரு வார டோஸைத் தள்ளிவைத்துவிட்டு ஓடிப்போய்க் காட்டுவது நல்லது என்று எங்கள் டொக்டர் சொல்லித் தந்தார். இந்த மருந்தின் வேலை ஒரு வாரத்தில் அற்றுப்போவதில்லை. ஒரு டோஸ் தவறினால் மூட்டு அன்றைக்கே வீங்காது. ஆனால் பிரெட்னிசொலோன் அப்படியல்ல. அதைக் கிழமைக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்தால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டிராய்டைக் குறைத்துவிடும். குளிசையையும் பட்டென நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் ஆள் சாய்ந்துவிடுவார். அலுமாரிக்கு மேலே போன அம்மாவின் பையில் நடந்தது அதுதான்.

பேப்பரை வாசிக்கும் விதம்

எஸ்.ஜி.பி.டி. என்றும் ஏ.எல்.டி. என்றும் எழுதுவது ஒன்றையேதான். எஸ்.ஜி.ஓ.டி.யும் ஏ.எஸ்.டி.யும் அதேபோல ஒன்று. இரண்டும் ஈரலின் உயிரணுவுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். உயிரணு நோகும்போது ரத்தத்தில் கசியும். ஆகவே எண் கூடினால் ஈரலுக்கு ஏதோ நோகிறது என்று அர்த்தம். ஈரல் வேலை செய்யாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. வேலை நடக்கிறதா என்பதை அல்புமின், பிலிருபின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவை சொல்லும். அம்மாவின் 112க்குக் கீழேயே அல்புமினும் பிலிருபினும் சரியான அளவில் இருந்தன. சிவப்பு வட்டம் எங்கள் கண்ணை இழுத்துப் பிடித்துக்கொண்டதால் அந்த இரண்டு நல்ல வரிகளையும் நாங்கள் வாசிக்கவே இல்லை.

எண்ணைத் தனியாகப் பார்க்காமல், அதே வரியின் கடைசியில் அந்த லாப் போட்டிருக்கும் மேல் எல்லையோடு வைத்துப் பாருங்கள். சில லாப்களில் 40, சிலதில் 45, சிலதில் 50க்கும் மேலே. எல்லை 40 என்றால் 80 இரண்டு மடங்கு, 120 மூன்று மடங்கு. இரண்டு மடங்குக்குள் இருந்தால் பெரும்பாலும் சில வாரத்தில் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் என்றால் டோஸைக் குறைப்பார்கள் அல்லது கொஞ்சநாள் நிறுத்திவைப்பார்கள். மூன்று மடங்கைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, காரணம் தேடுவார்கள். எண் இறங்கிய பிறகு குறைந்த அளவில் திரும்பத் தொடங்குவதும் உண்டு. ஆளுக்கு ஆள் இது மாறும். சீனி வருத்தம் உள்ளவரையும் இல்லாதவரையும் டொக்டர் ஒரே கண்ணால் பார்க்கமாட்டார்.

ஒரு ரிப்போர்ட்டை விட மூன்று ரிப்போர்ட்டுகள் அதிகம் பேசும். 28, 35, 61 என்று ஏறிக்கொண்டு போவது ஒரு கதை; 30, 70, 33 என்று ஒருதடவை குதித்து இறங்கியது வேறு கதை. அதனால்தான் முடிந்தவரை ஒரே லாப்பில் பாருங்கள் என்கிறேன்.

எந்த நாளில் ரத்தம் கொடுத்தீர்கள்?

இதை யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. மெதோட்ரெக்சேட் குடித்து ஒன்றிரண்டு நாளுக்குள் ரத்தம் எடுத்தால் ஈரல் எண் தற்காலிகமாகக் கூடிக் காட்டும். அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால் எடுத்தால்தான் சரியான நிலைமை தெரியும். அம்மா குளிசை எடுப்பது சனிக்கிழமை ராத்திரி; மறுநாள் வேலை இல்லை, குமட்டல் வந்தாலும் படுத்துக்கொள்ளலாம் என்று நாங்களே பிடித்த நாள். ரத்தம் கொடுத்ததோ திங்கட்கிழமை காலை. இப்போது வியாழன் அல்லது வெள்ளிதான் போகிறோம். உங்கள் குளிசை நாளை வைத்து நீங்களும் கணக்குப் போடுங்கள். திங்கட்கிழமை மட்டும்தான் லாப்புக்குப் போக முடியும் என்றால், குளிசை நாளை மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்றும்போது ஒரே கிழமையில் இரண்டு டோஸ் விழுந்துவிடலாம்.

ஈரல் டெஸ்டுக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு தேவையில்லை. சீனியும் கொலஸ்ட்ரோலும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தால்தான் பட்டினி. விடிய நாலரை பஸ்ஸுக்கு ஒன்றும் குடிக்காமல் ஏறி, லாப் வரிசையில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல்நாளே கேட்டுக்கொண்டால் ஒரு ரொட்டியும் தேத்தண்ணியும் வயிற்றுக்குப் போயிருக்கும்.

இன்னொன்று, கொழுந்துப் பெண்களுக்கும் கவ்வாத்து வெட்டும் ஆம்பிளைகளுக்கும். எஸ்.ஜி.ஓ.டி. ஈரலில் மட்டும் இருப்பதில்லை, தசையிலும் இருக்கிறது. முதல்நாள் வழக்கத்துக்கு மேல் பாரம் தூக்கியிருந்தால், சரிவில் சறுக்கி விழுந்து தொடை கன்றியிருந்தால், அந்த எண் கூடிவரலாம். ஊசி குத்தும்போதோ குழாயைக் கொண்டுபோகும்போதோ சிவப்பணு உடைந்தாலும் அதே எண்தான் பொய்யாக ஏறும். ஹீமோலைஸ்ட் என்று ரிப்போர்ட்டின் அடியில் எழுதியிருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பாயில் கொட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். நான் அம்மாவின் பையை அவிழ்த்துப் பாயில் கொட்டினேன். பிறகு அலுமாரித் தட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால், அடுப்படி ராக்கை, அம்மாவின் கைப்பை என்று ஒவ்வொன்றாகத் தேடி, வாய்க்குள் போகிற மருந்து என்று இருந்த எல்லாவற்றையும் அதே பாயில் வைத்தேன். கிளினிக்கில் தந்தவை நான்கு. பாயில் இருந்தவை ஒன்பது.

ஐந்தாவது, டவுனில் ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய டிக்ளோபெனாக். கொழுந்து அதிகமான நாளில் இரண்டு. இந்த வலிக்குளிசையே தனியாக ஈரல் எண்ணை ஏற்றக்கூடியது. மெதோட்ரெக்சேட்டைச் சிறுநீரகம் வெளியேற்றுவதையும் மட்டுப்படுத்தும். வாத டொக்டர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது உண்டு, ஆனால் கொடுத்தது தெரிந்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்த்து, அளவோடு கொடுப்பார்கள். நாங்கள் வாங்கியதை எங்கள் டொக்டர் அறியவில்லை.

ஆறாவது பனடோல். ஏழாவது தடிமன் குளிசை, அதற்குள்ளும் பரசிட்டமோல். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டு, அதாவது 4 கிராம், என்பது உச்ச எல்லை. 50 கிலோவுக்குக் குறைந்த உடம்புக்கும், சாப்பாடு குறைந்தவர்களுக்கும், ஈரல் நோகிறவர்களுக்கும் அது கூடிய அளவு. அம்மா 44 கிலோ. இரண்டு பெயரில் ஒரே மருந்தை விழுங்கிக்கொண்டிருந்தார்.

எட்டாவது ஒரு போத்தல். கழுத்தில் துணி கட்டி, கருத்த கசாயம். பக்கத்துத் தோட்டத்து அக்கா கொண்டுவந்து கொடுத்தது. "இது வெறும் கொடிதான் புள்ள, மருந்தில்ல" என்றார் அம்மா. கேட்டுப் பார்த்ததில் சீந்தில் கொடி, சிங்களத்தில் ரசகிந்த. சளிக்கும் காய்ச்சலுக்கும் எங்கள் பாட்டி காலத்திலிருந்தே இருக்கிற கொடி. அதை இழிவாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கொரோனா காலத்தில் இந்தியாவில் அந்தக் கொடியைத் தொடர்ந்து குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை அங்குள்ள ஈரல் வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செறிவாக்கிய மஞ்சள் குளிசை, மெலிவதற்கு என்று விற்கும் பச்சைத் தேயிலைச் சாற்றுக் குளிசை ஆகியவற்றாலும் அப்படி நடந்திருக்கிறது. நாம் குடிக்கும் தேத்தண்ணியும் கறிக்குப் போடும் மஞ்சளும் கொத்தமல்லித் தண்ணியும் அந்தக் கணக்கில் வராது, பயப்பட வேண்டாம். பெயர் தெரியாத சூரணம், வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய மூட்டுவலிப் பவுடர், "இங்கிலீஷ் மருந்து கலக்காதது" என்று சொல்லி விற்கிற உருண்டை எல்லாவற்றையும் பாயில் வையுங்கள். நாட்டு வைத்தியரிடம் போகிறவர்கள், என்ன மூலிகை என்று ஒரு துண்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எழுதித் தருவார்கள்.

ஒன்பதாவது அம்மாவுடையதே இல்லை. அப்பாவின் கொலஸ்ட்ரோல் குளிசை, தவறிப்போய் அம்மாவின் உறைக்குள் இரண்டு கிடந்தன.

இந்த உறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளினிக்கில் மருந்து தருவது சின்னப் பேப்பர் உறையில். மெதோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராமும், அதன் தொந்தரவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அசிட் என்ற விட்டமினும் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சின்ன மஞ்சள் குளிசைகள். ஈரக் கையால் தொட்டு எழுத்து அழிந்துவிட்டால் எது எதுவென்று கண்ணால் பிரிக்க முடியாது. மெதோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரே நாள்தான். தினமும் எடுத்தால் சில நாளிலேயே ரத்த அணுக்கள் விழுந்து, வாய் புண்ணாகி, உயிருக்கே ஆபத்தாகும். உலகம் முழுக்க இந்தத் தவறால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒருதடவை வந்த உறையில் "இரவு 4" என்று மட்டும் எழுதியிருந்தது. கிழமைக்கு ஒருநாள் என்பது விட்டுப்போயிருந்தது. புது ஆள் என்றால் ஒவ்வொரு இரவும் நான்கு விழுங்கியிருப்பார். ஆகவே கவுண்டரை விட்டு நகரும் முன் உறையைத் திறந்து, "இது கிழமைக்கு ஒருதடவையா?" என்று கேளுங்கள். தமிழ் விளங்காதவர் என்றால் "சத்தியட்ட எக்க பாராய்த?" என்றால் போதும். வீட்டுக்கு வந்து மெதோட்ரெக்சேட் உறையை ஒரு டப்பாவில் தனியாக வைத்து, மூடியில் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மூடியில் சிவப்புத் துணி கட்டிவிடலாம். எங்கள் வீட்டில் சுவர்க் கலண்டரில் சனிக்கிழமைகளில் அம்மாவே வட்டம் போட்டு, விழுங்கியதும் குறுக்கே கோடு கிழிப்பார்.

சாராயத்தையும் கசிப்பையும் பாயில் வைக்க முடியாது, ஆனாலும் அது கணக்கில் வர வேண்டும். வாதம் பெண்களுக்கு அதிகம் என்றாலும் ஆம்பிளைகளும் இதே மருந்தை எடுக்கிறார்கள். சம்பள நாளில் மட்டும்தான் என்பவர்கள் அந்த ஒரு நாளின் அளவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்து எடுக்கும் காலம் முழுக்கக் குடியை விட்டுவிடுவதுதான் ஈரலுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. விட முடியாதவர், டொக்டருக்கு முன்னால் வெட்கப்பட்டு மறைத்தால், டொக்டர் மருந்தின் மேல் பழியைப் போட்டு நல்ல மருந்தை நிறுத்திவிடுவார். அண்ணன் குடிப்பதைத் தம்பி டொக்டரிடம் போட்டுக்கொடுக்கும்படி சொல்லவில்லை. வீட்டிலேயே முதல்நாள் பேசி, அவர் வாயாலேயே சொல்லவைத்துக் கூட்டிப்போங்கள்.

மருந்தில்லாத காரணங்கள்

சீனி வருத்தமும் வயிற்றுச் சதையும் உள்ளவர்களின் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கலாம். மருந்து தொடங்கும் முன்பே எண் கொஞ்சம் கூடி இருந்திருக்கும். பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பார்த்தால் தெரியும். டெங்கு, எலிக்காய்ச்சல், செங்கமாரி எல்லாமே இந்த எண்களைத் தூக்கும். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, தங்கச்சி வீட்டுக்குப் போய் வயலில் இறங்கினீர்களா, லயத்தில் வேறு யாருக்கும் கண் மஞ்சளானதா என்று யோசித்து வையுங்கள். ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தம் பார்த்தார்களா என்று கொப்பியைப் புரட்டுங்கள். பார்த்ததாக எழுதியில்லாவிட்டால் கேளுங்கள். சயரோகத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளும் ஈரலைத் தொடும்.

கிளினிக்கில் கிடைக்கும் ஐந்து நிமிடம்

வரிசையில் நூறு பேர் இருப்பார்கள். டொக்டருக்கு உங்களுக்கென்று ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். பாயில் கொட்டியதை அப்படியே ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள், கசாயப் போத்தல் உட்பட. ஒரு துண்டில் நான்கு வரி எழுதுங்கள்: குளிசை எடுக்கும் கிழமை, எத்தனை குளிசை; ரத்தம் கொடுத்த திகதி; கிளினிக்கில் தராத எவற்றை எத்தனை நாளாக எடுக்கிறோம்; கடைசியாக வந்த காய்ச்சல். அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் செருகுங்கள். மொழி தடுமாறினால் ஈரலுக்குச் சிங்களத்தில் அக்மாவ என்று சொல்வார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் கவனமாகக் கேளுங்கள். விளங்காமல் தலையாட்டாதீர்கள். பக்கத்தில் இருக்கும் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வதில் வெட்கம் இல்லை.

நாங்கள் பையைக் கவிழ்த்தபோது திட்டு விழும் என்று அம்மா சுருங்கிப்போய் நின்றார். டொக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். போத்தலை மோந்து பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அம்மே, மே ஒக்கொம கெனாவ ஹொந்தய்" என்றார். எல்லாவற்றையும் கொண்டுவந்தது நல்லது என்று அர்த்தம். அம்மாவின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

வெளியே வருமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரம் மெதோட்ரெக்சேட் எடுக்கவா, வேண்டாமா? அடுத்த ரத்தம் எந்தத் திகதி? வலி கூடினால் எதைக் குடிக்கலாம்? பதிலைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த திகதி போயாவில் விழுகிறதா என்று அங்கேயே கலண்டரைப் பார்த்துவிடுங்கள்.

டொக்டர்கள் செய்யக்கூடியவை இவை: சும்மா திரும்பப் பார்ப்பது, டோஸைக் குறைப்பது, ஃபோலிக் அசிட்டைக் கூட்டுவது (அது ஈரல் எண்ணையும் குமட்டலையும் குறைக்க உதவும்), வயிற்று ஸ்கேன் எடுப்பது, மருந்தை மாற்றுவது. லெஃப்லுனோமைட் என்ற இன்னொரு வாத மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. அது உடம்பில் மாதக்கணக்காகத் தங்கும், நிறுத்தினாலும் எண் இறங்க நேரம் எடுக்கலாம்; அவசரம் என்றால் அதை வெளியேற்றத் தனி மருந்து கொடுப்பார்கள். மெதோட்ரெக்சேட்டும் லெஃப்லுனோமைட்டும் சேர்த்து எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனையை ஒருதடவைகூடத் தவறவிட வேண்டாம். வாதத்துக்கே கொடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் ஈரலை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை, அதற்குக் கண் பரிசோதனைதான் முக்கியம். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்களுக்கு மெதோட்ரெக்சேட்டும் லெஃப்லுனோமைட்டும் ஆகாது. கல்யாணப் பேச்சு நடக்கும்போதே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மருந்து நிற்கும் வாரங்களில்

அம்மாவுக்கு மெதோட்ரெக்சேட்டை நிறுத்தி, கசாயம், டிக்ளோபெனாக், தடிமன் குளிசை மூன்றையும் விடச் சொல்லி, பிரெட்னிசொலோனைத் திரும்பத் தொடங்கினார்கள். மருந்து நின்ற இந்தக் காலம்தான் ஆட்கள் மறுபடி கடைக்குப் போய் வலிக்குளிசை வாங்கும் காலம். காலையில் சுடுதண்ணிச் சட்டியில் பத்து நிமிடம் கையை வைத்து, தண்ணிக்குள்ளேயே விரல்களை மடக்கி விரிப்பது அம்மாவுக்கு உதவியது. பூசுகிற மருந்து போதுமா என்றும் கேளுங்கள். டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தோட்டத்தில் கொடுத்து, கொஞ்சநாள் இலகு வேலை கேட்கலாம். கேட்டால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, எங்களுக்கு இரண்டாவது தடவைதான் கிடைத்தது. பேர் விழாமல், சம்பளம் இல்லாமல் போன நாட்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். அதற்காக எண் இறங்கும் முன்பே பழைய டோஸைத் தானாகத் தொடங்கிவிடாதீர்கள்.

வேறு வருத்தத்துக்கு வேறு டொக்டரிடம் போனாலும் மெதோட்ரெக்சேட் என்று சொல்லுங்கள். சிறுநீர்க் கடுப்புக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமொக்சசோல் இதனோடு சேர்ந்தால் ரத்த அணுக்களை ஆபத்தாக விழுத்தும். கடுமையான காய்ச்சல், வயிற்றோட்டம், வாந்தி இருக்கும் கிழமையில் மெதோட்ரெக்சேட்டைத் தள்ளிவைத்து டொக்டரிடம் கேளுங்கள். உடம்பில் தண்ணி வற்றினால் மருந்து வெளியேறாமல் தேங்கும்.

அதன் பிறகு

அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட்டை அனுமதித்தது 1988இல். அன்றிலிருந்து இத்தனை வருடமாக உலகம் முழுக்க வாதத்துக்கு முதலில் எடுக்கும் மருந்தாக அது நிலைத்திருப்பதற்குக் காரணம், ஒழுங்காக ரத்தம் பார்த்துக்கொண்டு எடுக்கலாம் என்பதுதான். தொடக்கத்திலும் டோஸ் மாறும்போதும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருதடவை, நிலைத்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருதடவை பார்ப்பது பொது வழக்கம். ஈரலோடு வெள்ளையணு, பிளேட்லட், கிரியேட்டினினும் சேர்ந்தே வர வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு டெஸ்டுக்கு மருந்து முடிந்துவிட்டது, வெளியே பாருங்கள் என்பார்கள். அப்படி வந்தால் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டு, அதை மட்டுமாவது காசு கொடுத்துப் பாருங்கள்.

அம்மாவின் எண் நான்கு வாரத்தில் 58, அதற்கடுத்த மாதம் 34. எது காரணம் என்று டொக்டர் அடித்துச் சொல்லவில்லை. கொடியாக இருக்கலாம், வலிக்குளிசையாக இருக்கலாம், எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம் என்றார். 7.5 மில்லிகிராமில், அதாவது மூன்று குளிசையில், திரும்பத் தொடங்கினார்கள். இப்போது நான்கு.

ரிப்போர்ட்டுகளைப் பொலித்தீன் பையில் போட்டு அடுப்படியிலிருந்து தள்ளி வையுங்கள். புகையிலும் மழைக்கால ஈரத்திலும் எழுத்து மங்கிவிடும். கையில் கிடைத்த அன்றே போனில் ஒரு படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒன்று அனுப்பிவைத்தால், கொப்பி தொலைந்த நாளிலும் எண்கள் இருக்கும்.